தட்டுக்கு அடியில் கனடா

மார்ச் 4, செவ்வாய்

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் வந்தார். என் ஓரகத்தி இளையவள் அவரிடம், "இந்த ஃபாசெட்தாங்க" என்றாள்.

போன வருஷம் வரை இது டேப். ஆறு மாதம் கனடாவில் தன் மகள் வீட்டில் இருந்துவிட்டு ஜனவரியில் திரும்பினாள். பெட்டியில் ஒரு கம்பளித் தொப்பி, வாயில் இந்த ஃபாசெட். அங்கேயும் பாதிப் பேர் டேப் என்றுதான் சொல்கிறார்களாம், அதை அவளே ஒப்புக்கொள்கிறாள். அப்படியானால் மீதிப் பாதியோடு மட்டும் பழகிவிட்டு வந்திருக்கிறாள்.

"டேப்" என்று திருத்தினேன்.

பிளம்பர் எங்கள் இருவரையும் பார்த்தார். "எதுவா இருந்தாலும் வாஷர் போயிடுச்சும்மா" என்றார்.

மார்ச் 5, புதன்

குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. பெயரில் தகராறு வந்ததால் மனிதர் பயந்து அரைகுறையாக முடித்துவிட்டுப் போயிருப்பார்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று கேமரூன் கேட்டேன். இளையவளுக்குத் தெரியவில்லை. பாத்திரம் கழுவினாள்.

இது இந்த வீட்டு வழக்கம். நாங்கள் இரண்டு பேரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்த புதிதில், யார் பாத்திரம் கழுவுவது என்று தினமும் சண்டை. என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் உலகப் படத்தை விரித்தார். சாப்பிட்டு முடித்ததும் ஒருத்தி ஒரு நாட்டைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று மற்றவள் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் அவள் கழுவ வேண்டும். தெரிந்திருந்தால் கேட்டவள் கழுவ வேண்டும். ஆண்கள் இந்தப் போட்டியில் சேர்த்தி இல்லை. அதை அவர் சொல்லவேயில்லை, ஆனால் அதுதான் முதல் விதி.

இப்போது அவர்கள் இருவரும் இல்லை. விதி இருக்கிறது.

"கேமரூன்னா மழை சம்பந்தமா ஏதாவதாக்கா?"

"இறால். போர்த்துக்கீசியர்கள் அங்கே ஆற்றில் இறாலைப் பார்த்துட்டு இறால் ஆறுன்னு வெச்சாங்க. அதுவே நாட்டுக்கும் ஒட்டிக்கிச்சு."

"நல்லவேளை, நம்ம வீட்டுக்கு அவங்க வரல. கொசுன்னு வெச்சுட்டுப் போயிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

பட்டம் வாங்கியவள் அவள். நான் பள்ளிக்கூடத்தோடு நின்று டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தவள். வெளிநாட்டு டிரங்க் கால் பகுதியில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உலகத்தைக் கேட்டுக் கேட்டுப் படித்தேன். பட்டம் இல்லை என்று கடைசிவரை சூப்பர்வைசர் ஆக்கவில்லை. நான் கற்றுக்கொடுத்த பெண்கள் ஆனார்கள். போகட்டும். பாத்திரம் கழுவும் கணக்கில் யார் முன்னால் இருக்கிறார்கள் என்பது இந்த வீட்டுச் சுவருக்கே தெரியும்.

மார்ச் 11, செவ்வாய்

வான்கோழிக்கு ஆங்கிலேயன் 'டர்க்கி' என்று துருக்கியின் பெயரை வைத்தான். துருக்கிக்காரன் அதையே இந்தியப் பறவை என்கிறான். போர்த்துக்கீசியன் பெரு என்கிறான். பறவை இவர்கள் யார் ஊரைச் சேர்ந்ததும் இல்லை. மெக்சிகோ பக்கம்.

இதை இளையவளிடம் சொன்னேன். "எல்லாரும் பக்கத்து வீட்டைக் காட்டியிருக்காங்க. நம்ம தண்ணித் தொட்டி நிரம்பி வழிஞ்சா நீங்க என்னைக் காட்டற மாதிரி" என்றாள்.

இன்று அவள் கேட்டாள், ஈக்வடார். பூமத்திய ரேகை என்றேன். இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்கிறாள். கழுவினாள்.

மார்ச் 13, வியாழன்

அந்தக் கம்பளித் தொப்பியின் பெயர் 'டூக்'. கனடாவுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாத வார்த்தை. இங்கே அவள் அதை ஃப்ரிட்ஜின் மேல் வைத்திருக்கிறாள். உறைபெட்டியைத் திறக்கும்போது தலையில் மாட்டிக்கொள்கிறாள், மூடியதும் கழற்றி வைக்கிறாள். கேட்டால், "பழக்கம் விட்டுடக் கூடாதுல்ல" என்கிறாள்.

எதற்கு விடக் கூடாது? திரும்பி வந்தாயிற்றே.

ஆங்கிலத்தை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இவளுக்குத் தெரியாது. லண்டன் ஆபரேட்டர் 'யூ ஆர் த்ரூ' என்றால் இணைப்புக் கிடைத்துவிட்டது, பேசலாம். நியூயார்க் ஆபரேட்டர் 'ஆர் யூ த்ரூ' என்றால் பேசி முடித்துவிட்டாயா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கேட்டாள், நான் ஆமாம் என்றேன், அவள் லைனைப் பிடுங்கிவிட்டாள். அண்ணனோடு பேச அரை நாள் காத்திருந்த மனிதர் என்னைத் திட்டினார். மெமோ எனக்கு வந்தது. நியூயார்க்காரிக்கு யாராவது மெமோ கொடுத்திருப்பார்களா?

மார்ச் 16, ஞாயிறு

மகள்காரி வீடியோவில் வந்தாள். கனடாவில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்குக் குழந்தை இல்லை. இவள்தான் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும் ஒரே ஆள். ஒரு கோட் எடுத்துக் காட்டினாள். போர்வைக்குக் கை தைத்தது போல் இருந்தது.

"பெரியம்மா, அம்மாவுக்குக் குளிர் கோட் வாங்கிட்டேன். நல்லா இருக்கா?"

"வந்துட்டாளே, இனிமே எதுக்கு?"

அந்தப் பக்கம் கோட் கீழே இறங்கியது. இந்தப் பக்கம் இளையவள் மேசைக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அம்மா சொல்லலையா?"

சொல்லவில்லை. அங்கேயே தங்கிவிட அனுமதி வந்துவிட்டது. நிரந்தரமாக. மனு போட்டது இரண்டு வருஷத்துக்கு முன்னால்! இரண்டு வருஷமாக இதே மேசையில் என்னோடு உட்கார்ந்து ஈக்வடார், ஈக்வடார் என்று கேட்டுக்கொண்டிருந்தவள் —

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் என்ன, கூடாது என்றா சொல்லிவிடுவேன்?

மார்ச் 17, திங்கள்

இன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பேசாமல் இருப்பதில் ஒரு சிக்கல். கேள்வி கேட்காவிட்டால் தோற்பவர் யாரும் இல்லை. அவரவர் தட்டை அவரவர் கழுவினோம். குழம்புச் சட்டி பொது. அது இன்னும் தொட்டியில் கிடக்கிறது.

மார்ச் 19, புதன்

சாப்பிட்டு முடித்ததும் அவளே ஆரம்பித்தாள். "சட்டி நாறுதுக்கா. இன்னிக்கு உங்க முறை. கேளுங்க."

"கனடா" என்றேன்.

இத்தனை வருஷத்தில் கனடாவைக் கேட்டதே இல்லை. எப்படி விட்டோம் என்று தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், தன் தட்டைப் பார்த்தாள். "தெரியலக்கா" என்றாள்.

"ஸ்பெயின்காரங்க கப்பல்ல போனாங்க. தங்கம் இருக்கும்னு தேடினாங்க. பனியும் பாறையும்தான் இருந்துச்சு. 'அக்கா நாடா'ன்னுட்டு கிளம்பிட்டாங்க. இங்க ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். அந்த ஊர் ஜனங்க அதையே கேட்டுச் சொல்லிச் சொல்லி, கனடா."

"அக்காவா?"

"அவங்க பாஷையில அது இங்கே."

"சரிக்கா" என்றாள். சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

இதை எனக்குச் சொன்னவர் மாண்ட்ரியல் லைனில் இருந்த ஆபரேட்டர். அந்த நாட்டுக்காரரே சொன்னது. 'நான் உட்கார்ந்திருக்கும் இடத்தின் பெயரே ஒன்றுமில்லை' என்று சிரித்தார். நல்ல குரல்.

மார்ச் 22, சனி

கனடாவில் கரண்ட் பில்லுக்கு என்ன பெயர் தெரியுமா? ஹைட்ரோ பில். ஹைட்ரோ என்றால் தண்ணீர். அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்களாம், அதனால் விளக்கெரிந்த செலவைத் தண்ணீர் என்கிறார்கள். கழிப்பறைக்கு வாஷ்ரூம். எழுத்துக்கூட்டுவது பாதி லண்டன் போல, பேசுவது நியூயார்க் போல. யார் பக்கம் என்றே முடிவு செய்யாத ஜனங்கள். இதையெல்லாம் காலைக் காப்பியின்போது விளக்கமாகச் சொன்னேன்.

"ஸ்பெயினுக்கு என்னக்கா அர்த்தம்?" என்று இடையில் கேட்டாள்.

காலையில் போட்டி கிடையாது. இருந்தாலும் சொன்னேன். "உறுதியாத் தெரியாது. முயல் நாடுன்னு ஒரு கட்சி."

"அந்த முயலுக்கு எத்தனை கால்?"

"நாலு."

"நீங்க பிடிச்சதுக்கு?"

பட்டதாரிகளுக்கு வாய் அதிகம்.

மார்ச் 24, திங்கள்

மகள்காரியிடம் இன்று நானே பேசினேன். அவள் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். திரை இருட்டாக இருந்தது. சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் இருட்டுல நிக்கறே? ஹைட்ரோ பில் கட்டலையா?"

"ஸ்விட்ச் தேடறேன் பெரியம்மா. அம்மா இருந்தப்ப நான் வரும்போது லைட் எரியும். இப்ப தினமும் தேட வேண்டியிருக்கு."

அவளும் அவள் புருஷனும் பிரிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மனு எப்போது போட்டது என்று இப்போது கணக்குச் சரியாக வருகிறது.

இருந்தாலும் விஷயம் விஷயம்தான். கனடாவின் பெயர்க் காரணத்தை அவளுக்கும் எடுத்துச் சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே போனில் எதையோ தட்டினாள்.

"அப்படி இல்ல பெரியம்மா. அங்கிருந்த பழங்குடி மக்களோட வார்த்தையாம். கனாட்டா. ஊர்னு அர்த்தம். பிரெஞ்சுக்காரங்க வந்தப்ப, எங்க ஊருக்கு இந்த வழின்னு காட்டியிருக்காங்க. அவங்க நாட்டோட பேருன்னு நினைச்சு எழுதிக்கிட்டாங்க."

"யார் சொன்னது?"

"போன்ல போட்டிருக்கு."

"போன்ல ஆயிரம் போடுவான். நான் அந்த நாட்டு மனுஷன் வாயால கேட்டவ."

"சரி பெரியம்மா" என்றாள். அம்மாவைப் போலவே சரி சொல்கிறாள்.

மார்ச் 26, புதன்

நூலகம் போனேன். நூலகப் பெண் எனக்கென்று மேல்தட்டிலிருந்து தடித்த புத்தகங்களை இறக்கிக் கொடுத்தாள். முதல் புத்தகம் ஊர் என்றது. இரண்டாவதும் அப்படியே. இவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருப்பார்கள். மூன்றாவதில் என் ஸ்பெயின்காரர்கள் இருந்தார்கள். 'வேடிக்கையான கட்டுக்கதை' என்ற தலைப்பின் கீழே.

"கிடைச்சுதாம்மா?" என்றாள்.

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு" என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் அந்த மாண்ட்ரியல் குரலை நினைத்துக்கொண்டு வந்தேன். வேடிக்கைக்குச் சொல்லியிருப்பார். நான் சிரிக்கத்தான் செய்தேன். எப்போது அதை நம்ப ஆரம்பித்தேன்?

இளையவளிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

இளையவள் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து மகள்காரி கூப்பிட்டாள்.

"பெரியம்மா, அம்மா டிக்கெட் போட வேண்டாங்கறாங்க. நீங்க வாயைத் திறந்து போன்னு சொன்னாத்தான் வருவாங்களாம். உங்ககிட்டக் கேட்டாங்களா?"

"கேட்கலையே."

"அன்னிக்குத் தெரியலன்னு சொன்னப்பவே கேட்டாங்களாம். நீங்க ஸ்பெயின் கப்பலைப் பத்திச் சொன்னீங்களாம்."

அது எப்படிக் கேட்டதாகும்? கனடாவைப் பற்றிய கேள்வியைக் கேட்டவள் நான்.

"கனடாவுக்கு அர்த்தம் என்னன்னு கேட்டா அது போட்டி. இதெல்லாம் —"

"எனக்குத் தெரியாது பெரியம்மா. அந்த நாட்டுல ஒண்ணும் இல்லன்னு அக்கா சொல்லிட்டாங்க, அவங்களுக்கு இஷ்டமில்ல, நான் எப்படி விட்டுட்டு வரதுன்னு அழறாங்க. நீங்க இருன்னு சொன்னா இருக்கட்டும். நான் சமாளிச்சுப்பேன். போன்னாலும் சரி. ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. ஏப்ரலுக்குள்ள வராட்டி அந்த அனுமதி காலாவதி ஆயிடும்."

அழுகிறாளா? எங்கே உட்கார்ந்து அழுகிறாள்? இந்த வீட்டில் இருப்பதே மூன்று அறை. நான் பார்க்கவில்லையே.

ஏப்ரல் 1, செவ்வாய்

இரு என்று ஏன் சொல்ல வேண்டும்? யாரையும் எதற்கும் கெஞ்சியவள் இல்லை நான். சூப்பர்வைசர் வேலைக்கே கெஞ்சவில்லை.

போ என்று ஏன் சொல்ல வேண்டும்? நானா துரத்துகிறேன்?

ரெண்டுல ஒண்ணாம். பெத்த பொண்ணு இருட்டுல சுவத்தைத் தடவுது. சரி. இங்க? இங்க நான் நூலகத்துல இருந்து வந்தா யாரு லைட்டப் போட்டு வெப்பா? அதை யாராவது கேட்டாங்களா? இவ கேட்டாளா? கேட்டாதான் என்ன, என்ன சொல்லப் போறேன். எனக்குச் சுவிட்சு இருக்கற இடம் நல்லாத் தெரியும். என் வீடு.

பேசாமல் இருந்துவிட்டால் அவள் போக மாட்டாள். மாதம் முடிந்துவிடும். நான் இரு என்று சொன்னதாகவும் ஆகாது. ஸ்பெயின்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஏப்ரல் 2, புதன்

இன்று அவள் முறை. சாப்பிட்டு முடித்தாள். தண்ணீர் குடித்தாள். தட்டை நகர்த்தவில்லை.

"கனடா" என்றாள்.

"அதைத்தான் நான் கேட்டாச்சே."

"நீங்க கேட்டீங்க. நான் கேட்கல."

விதிப்படி சரிதான். ஒரே நாட்டை இரண்டு பேரும் கேட்கக் கூடாது என்று என் கணவர் சொன்னதில்லை.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமில்லை என்று சொன்னால் போதும். புதிதாகப் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. சொன்னதையே இன்னொரு முறை சொன்னால் போதும்.

"ஊர்" என்றேன்.

"என்னக்கா?"

"ஊர். மக்கள் இருக்கற இடம். பழங்குடி பாஷை. அங்கேயும் ஒரு ஊர்தான் இருக்கு. நீ போ."

அவள் தம்ளரை எடுத்துத் தன் தட்டில் வைத்தாள். பிறகு, "சரியான விடை" என்றாள். இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அங்க இருக்கும்போதே தெரியும்க்கா. பஸ் ஸ்டாப்ல ஒரு பலகையில எழுதி வெச்சிருப்பாங்க."

"அப்புறம் ஏன் அன்னிக்குத் தெரியலன்னே?"

"அன்னிக்கு ஒரே ஒரு சட்டிதான இருந்துச்சு" என்றாள்.

அந்த ஒரு சட்டியைப் பற்றித்தான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது எத்தனையாவது சட்டி? லைபீரியா என்றால் சுதந்திரம் என்று ஒரு பி.ஏ.வுக்குத் தெரியாமல் இருக்குமா? அர்ஜென்டினா? ஈக்வடாரை வருஷத்துக்கு நாலு தடவை ஏன் கேட்கிறாள்?

கேட்கப் போவதில்லை. வெற்றி வெற்றிதான்.

ஏப்ரல் 3, வியாழன்

டிக்கெட் போட்டாயிற்று. நான் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டதாக மகள்காரி நினைக்கிறாள். ஒரு தகவலைச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 12, சனி

பெட்டி கட்டுகிறாள். எடை பார்க்கும் கருவியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளும் ஏறி நிற்கிறாள், பிறகு பெட்டியில்லாமல் நிற்கிறாள், பிறகு கழிக்கச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறாள். "பி.ஏ. எதுல?" என்று கேட்டேன். "வரலாறு" என்றாள். "கழித்தல் எங்களுக்குக் கிடையாது."

கம்பளித் தொப்பியை ஃப்ரிட்ஜின் மேலேயே விட்டிருந்தாள். எடுத்துக் கொடுத்தேன்.

"இருக்கட்டும்க்கா. நீங்க ஐஸ் எடுக்கும்போது போட்டுக்கோங்க."

"நான் ஏன் போட்டுக்கணும்?"

"அங்க வேற வாங்கிப்பேன்."

திரும்ப ஃப்ரிட்ஜின் மேல் வைத்தேன். அந்த இடம் காலியாக இருந்தால் தூசி தெரியும்.

ஏப்ரல் 19, சனி

விமான நிலையம். கார்காரர் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போய்விட்டார். மேல்தளத்துக்குப் போக வேண்டும். அவள் ஒரு காவலரிடம் போய், "லிஃப்ட் எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள். எலிவேட்டர் இல்லை, லிஃப்ட். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை சத்தமாகக் கேட்டாள், "லிஃப்ட்?" அவர் ஏற்கனவே கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே போகும் கதவுக்குப் பக்கத்தில் காலில் விழுந்துவிட்டாள். இந்த வயதில், அந்தக் கூட்டத்தில். எழுப்பிவிட நான் குனிய, என் இடுப்பு பிடித்துக்கொள்ள, இரண்டு பேரையும் சேர்த்து வாசலில் நின்ற காவலர்தான் நிமிர்த்தினார்.

"வேளைக்குச் சாப்பிடுங்க."

"நீ டேப்பைச் சரியா மூடு" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. சுவிட்ச் இருந்த இடத்திலேயே இருந்தது. முதலில் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஒரு தட்டு.

ஏப்ரல் 23, புதன்

போன் வந்தது. எனக்குச் சாப்பாடு முடியும்போது அவளுக்கு விடிகிறது.

"அக்கா, இங்க கூடத்துச் சுவர்ல பெரிய உலகப் படம் மாட்டி வெச்சிருக்கா. எனக்கு ஒரு நாடும் கண்டுபிடிக்க வரல."

"ஏன்?"

"எல்லாம் நேரா இருக்கு."

அவள் உட்கார்ந்தது மேசைக்கு வடக்குப் பக்கம். கல்யாணமாகி வந்த அன்று உட்கார்ந்த நாற்காலி. எனக்கு உலகம் நேராக இருந்தது, அவளுக்குத் தலைகீழாக. இத்தனை வருஷம் அப்படியே படித்திருக்கிறாள். இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாற்றியிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

"குனிஞ்சு பாரு" என்றேன். குனிந்து பார்த்தாள் போலிருக்கிறது. மகள்காரி சிரிக்கும் சத்தம் கேட்டது.

மே 4, ஞாயிறு

போட்டி மறுபடி ஆரம்பமாகிவிட்டது, போனில். தோற்றவள் தன் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவ வேண்டும். ஜெயித்தவள் வீட்டுப் பாத்திரத்தை யார் கழுவுவது என்பதற்கு விதியில் வழி இல்லை. விதியைத் திருத்தலாம் என்று மகள்காரி சொல்கிறாள். என் கணவர் போட்ட விதி. திருத்த முடியாது. ஜெயித்தபின் நானே கழுவிக்கொள்கிறேன்.

"இப்ப ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது லைட் எரியுதா?" என்று அவளிடம் கேட்டேன்.

"பகல்லயே எரியுது பெரியம்மா. அம்மா அணைக்கறதே இல்ல."

"ஹைட்ரோ பில் வரட்டும், தெரியும்" என்றேன்.

மே 7, புதன்

பிளம்பர் வழியில் பார்த்து நிறுத்தினார். "அந்த ஃபாசெட் இன்னும் ஒழுகுதாம்மா?"

"ஒழுகுது" என்றேன். நாளைக்கு வருவதாகச் சொன்னார்.

மே 8, வியாழன்

வாஷர்தான். இந்த முறை சரியாகப் போட்டுவிட்டார். சமையலறை ரொம்பவும் அமைதியாக இருக்கிறது.

மே 13, செவ்வாய்

நூலகம் போகும் நாட்களில் காலையிலேயே கூடத்து விளக்கைப் போட்டுவிட்டுப் போகிறேன். வீண் செலவு. சாவித் துவாரம் தெரிகிறது என்ற ஒரு வசதி உண்டு.

இன்று மேசையைத் துடைக்கும்போது பார்த்தேன். வடக்குப் பக்கம் அவள் தட்டு வைத்து எடுத்து வைத்து எடுத்து, கண்ணாடியில் வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. அந்த வட்டத்துக்கு அடியில் கனடா. என் நாற்காலியிலிருந்து இத்தனை வருஷம் நான் அதைப் பார்த்ததே இல்லை. எப்போதும் அவள் தட்டு அதன்மேல் இருந்தது. கேட்காமல் எப்படி விட்டோம் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பெரிய நாடுதான். படத்தில் மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்துவிட்டது, அந்த இடத்தில் மட்டும் நிறம் அப்படியே இருக்கிறது.

வடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தப் பக்கம் மின்விசிறிக் காற்று நன்றாக வருகிறது. வேறு காரணம் இல்லை. ஆப்பிரிக்கா தலைகீழாக நின்றது. கேமரூனைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

தட்டை அந்த வட்டத்தில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

பிறகு கனடா தெரியும்படி கொஞ்சம் தள்ளி வைத்தேன்.